மாப்பிள்ளை கார்

நாற்பது லட்ச ரூபாய் கார் ஒன்பது லட்சத்துக்குக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? தாராளமாக நம்பலாம். தினமும் கிடைக்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு செல்போனை எடுத்து, பழைய கார் விற்கிற பக்கங்களில் விரலைத் தள்ளிக்கொண்டே போங்கள். ரெண்டே சீட்டு, ரெண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, பட்டனைத் தட்டினால் மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் கூரை... விலை? புதுசாக ஒரு சாதாரண மாருதி வாங்குகிற காசு!

மனசு ஜிவ்வென்று ஏறும். இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் இருக்கிற, மாசச் சம்பளம் வாங்குகிற எந்த ஆம்பிளைக்கும் வருகிற வியாதிதான் இது. அம்மை மாதிரி. ஒரு தரம் வந்துவிட்டுப் போய்விட்டால் நல்லது. சிலருக்குப் போகாது.

முதலில் அந்த விளம்பரங்களில் வருகிற தமிழுக்கு அர்த்தம் தெரிய வேண்டும். 'டாக்டர் ஓட்டிய வண்டி' என்றால், டாக்டர் என்றைக்கோ ஓட்டினார், அவருக்கு அப்புறம் ரெண்டு பேர் ஓட்டினார்கள் என்று பொருள். 'வெளியிலேயே எடுக்கலை சார்' என்றால், எடுத்தால் திரும்பி வராது. 'சின்ன வேலை ஒண்ணு இருக்கு' என்பதுதான் இருப்பதிலேயே பயங்கரமானது. அந்தச் சின்ன வேலை நிஜமாகவே சின்னதாக இருந்தால், விற்கிறவர் அதை முடித்துவிட்டு இன்னும் ஐம்பதாயிரம் கூட்டி விற்றிருக்க மாட்டாரா?

நான் பி.காம். என்னைப் போல் பி.காம். படித்தவர்களுக்கு வாழ்க்கையில் உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம் தேய்மானம். டிப்ரிஸியேஷன்! கார் இன்ஷூரன்ஸ்காரர்கள் இதற்கு அச்சடித்த அட்டவணையே வைத்திருக்கிறார்கள். கார் வாங்கி ஆறு மாசம் தாண்டினால் 15 சதவிகிதம் கழியும். ஒரு வருஷம் தாண்டினால் 20, ரெண்டு வருஷம் தாண்டினால் 30, மூணுக்கு 40, நாலுக்கு 50. அஞ்சு வருஷம் தாண்டிவிட்டால் அட்டவணை கையை விரித்துவிடும். நீங்களும் கம்பெனியும் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆக, நாற்பது லட்சம் ஒன்பது லட்சமானதில் மர்மம் ஒன்றும் இல்லை.

மர்மம் வேறு இடத்தில். கார் தேய்கிறது. அதன் பிரேக் டிஸ்க் விலை தேயவில்லை. வாட்டர் பம்ப் விலை தேயவில்லை. ஜெர்மனியில் அந்த பம்ப்பைச் செய்கிற தொழிற்சாலைக்கு, உங்கள் கார் மூணாவது கை மாறி, கோடம்பாக்கத்தில் ஒரு பன்னிரண்டாம் நம்பர் வீட்டு வாசலில் நிற்கிற சமாச்சாரம் தெரியாது. அது நாற்பது லட்ச ரூபாய் காருக்குத்தான் பம்ப் செய்து அனுப்புகிறது. அதனால் நீங்கள் வாங்குவது ஒன்பது லட்ச ரூபாய் கார் இல்லை. நாற்பது லட்ச ரூபாய் கார். ஒன்பது லட்சம் அட்வான்ஸ்.

சும்மா பயமுறுத்தவில்லை. ஃபெராரி எஃப்355 என்று ஒரு கார், 1994-லிருந்து 1999 வரை வந்தது. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதற்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமானால் எஞ்சினையே காரிலிருந்து வெளியே இறக்க வேண்டும். ஒரு ரப்பர் பெல்ட்டுக்காக! இது ரிப்பேர்கூட இல்லை சார், வழக்கமான பராமரிப்பு.

அதைவிடக் கொடுமை போர்ஷே பாக்ஸ்டர். 1996-ல் வந்த கார். சீட்டுக்கு முதுகுப்புறம் எஞ்சின், ஆறு சிலிண்டர், முன்னாலும் பின்னாலும் டிக்கி. 'ஏழைக்கேற்ற போர்ஷே' என்று (ஏழை என்றால் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு) உலகம் முழுக்கப் பழைய பாக்ஸ்டருக்குப் பறந்தார்கள். அந்த எஞ்சினுக்குள் ஒரு தண்டு, அதன் முனையில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பேரிங். அது தேய்ந்து உடைந்தால் டைமிங் பிசகும், வால்வும் பிஸ்டனும் ஒன்றை ஒன்று முட்டிக்கொள்ளும், எஞ்சின் காலி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கியர்பாக்ஸைக் கழற்றினால்தான் அதன் முகத்தையே பார்க்கலாம். அமெரிக்காவில் ஓனர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2001-லிருந்து 2005 வரையிலான கார்களுக்கு 2013-ல் சமரசம் ஆனது. எல்லா பாக்ஸ்டருக்கும் இது வரும் என்று இல்லை. பெரும்பாலானவை நன்றாகத்தான் ஓடுகின்றன. விவரமானவர்கள் கிளட்ச் மாற்றும்போது எப்படியும் கியர்பாக்ஸ் இறங்குகிறதே என்று, கையோடு இந்த பேரிங்கையும் மாற்றிவிடுவார்கள். மாற்றிய ரசீது இருக்கிற காருக்கு மார்க்கெட்டில் தனி மரியாதை. ரசீதுக்கு மரியாதை! பி.காம்.காரனுக்கு இதைவிட ஆனந்தம் உண்டா?

இன்னொன்று. நாம் பழைய கார் என்றதும் முதலில் கேட்கிற கேள்வி, 'எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?' குறைவாக ஓடியிருந்தால் குஷி. மாருதிக்கு அது சரி. பன்னிரண்டு வருஷத்தில் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால், அந்த ஸ்போர்ட்ஸ் கார் மிச்ச நேரமெல்லாம் என்ன செய்தது? ஷெட்டில் உறைக்குள் நின்றது. ரப்பர் காய்ந்தது, ஆயில் சீல் வறண்டது, டயர் கல்லானது. டயரில் தேய்மானமே இருக்காது, பள்ளம் பளபளவென்று இருக்கும். ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் நாலு நம்பர் இருக்கும். 2314 என்று இருந்தால், 2014-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் பிறந்த டயர். ஜாதகம் மாதிரி. பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

சென்னைக்காரர்கள் இன்னொரு ஜாதகமும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலும் முங்கிய கார்கள் எல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? துடைத்து, காய வைத்து, சென்ட் அடித்து விற்பனைக்கு வந்தவையும் உண்டு. தாழ்வான கார் என்றால் முட்டிக்கால் தண்ணீரே போதும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் கழுவுகிறவன் அந்தக் கடைசி ஒரு முழத்தைக் கழுவ மறந்துவிடுவான். சேற்றுக் கோடு தெரிந்தால், 'அப்புறம் வரேங்க' என்று கிளம்பிவிடலாம்.

டெல்லி நம்பர் கார்கள் மலிவாக வருவதற்கும் காரணம் உண்டு. டெல்லி வட்டாரத்தில் 10 வருஷத்து டீசல், 15 வருஷத்து பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னதும், ஓனர்கள் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். (2025-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது.) அங்கிருந்து கொண்டுவந்தால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபடி லைஃப் டாக்ஸ், புது நம்பர். அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் மலிவு எங்கேயோ ரேணிகுண்டா பக்கம் இறங்கிப் போயிருக்கும்.

'அப்படியானால் நடுத்தர வர்க்கத்துக்கு ஸ்போர்ட்ஸ் காரே கிடையாதா?' என்று நீங்கள் கோபப்படுவது புரிகிறது. ஜப்பான்காரன் யோசித்தான். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்று ஒன்றை இறக்கினான். ரெண்டு சீட்டு, 1,600 சி.சி. எஞ்சின், கையால் மடக்குகிற துணிக் கூரை. மோட்டார் கிடையாது, ஹைட்ராலிக் கிடையாது, கெட்டுப்போக ஒன்றும் கிடையாது. 2016-ல் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. லண்டனிலும் மெல்போர்னிலும் இருக்கிற நம் பையன்கள் பழசாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தாங்களே ஆயில் மாற்றி ஓட்டுகிறார்கள். நமக்கு மாஸ்டா இங்கே கடை போடவில்லை. பழசை இறக்குமதி செய்யலாம் என்றால் மூணு வருஷத்துக்கு மேல் பழசான கார் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று சட்டம்.

நம் ஊரிலும் ஒருத்தர் முயற்சி பண்ணினார். தொண்ணூறுகளின் கடைசியில் கோவாவிலிருந்து 'சான் ஸ்டார்ம்' என்று ஒரு குட்டி ரெண்டு சீட்டர் வந்தது. ஃபைபர் உடம்பு, ரெனோவின் 1,149 சி.சி. எஞ்சின். வேகத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் கூரையைத் திறந்துகொண்டு போனால் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. கொஞ்சம் பேர்தான் வாங்கினார்கள். கம்பெனி போய்ச் சேர்ந்தது.

இனி என் நண்பன் கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், அவன் அம்மா வாராவாரம் பத்திரிகை படிக்கிறவர். வயசு முப்பத்து மூணு. கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. கையில் வருவது மாசம் 62,000. வாடகை வீட்டில் அம்மாவும் அவனும். ஏழு வருஷமாகச் சேர்த்த 12 லட்சம் பாங்க்கில் எஃப்.டி.யாக இருந்தது. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் என்று அம்மா மனசுக்குள் தளம் போட்டு, திரைச்சீலைகூட மாட்டிவிட்டிருந்தார். இவன் போய் யார்டில் நின்றிருந்த ஒரு சிவப்பு ஜெர்மன் காரைப் பார்த்துவிட்டான். ஒன்பதரை லட்சம். தமிழ்நாடு நம்பர், மூணாவது ஓனர், 41,000 கிலோமீட்டர்.

"டேய், நீ கணக்குப் பாக்கறவன். நீயும் வாடா" என்றான். போனேன். கூடவே வில்லிவாக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன்.

யார்டுக்காரர் வரவேற்றார். "சார், இது வண்டி இல்ல சார். ஃபீலிங்கு!"

மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பானெட்டின் மேல் கையை வைத்தார். எடுத்தார். "சூடா இருக்கு. நாளைக்குக் காலைல வர்றோம். நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். வெளியே வந்து விளக்கினார்: "தம்பி, எந்தக் கெழவனும் எழுந்து நாலு நடை நடந்தப்புறம் நல்லாத்தான் நடப்பான். படுக்கைலேருந்து எழும்போது பாக்கணும்."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பார்த்தோம். எழுந்தது. கொஞ்சம் முனகிவிட்டு எழுந்தது. அண்ணன் டார்ச்சோடு அடியில் போய் அரைமணி நேரம் இருந்தார். வெளியே வந்து, கைதுடைத்துக்கொண்டே சொன்னதை அப்படியே தருகிறேன்:

"எஞ்சின் நல்ல எஞ்சின். தைரியமா வாங்கலாம். ஆனா ஒண்ணு. இது வண்டி இல்ல தம்பி, மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்துட்டா வருஷா வருஷம் சீர் செய்யணும். தீபாவளின்னா தனி, பொங்கல்னா தனி. செய்யலைன்னா மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு ரோட்டுல உக்காந்துடும்."

உடனே செய்ய வேண்டிய சீர் வரிசையையும் சொன்னார். நான் பேப்பரில் எழுதினேன். டயர் நாலு, 72,000. பிரேக் டிஸ்க்கும் பேடும் 64,000. பேட்டரி 14,000. லோயர் ஆர்ம், புஷ் 58,000. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் 42,000. கூரையைத் திறந்து மூடுகிற ஹைட்ராலிக் கசிகிறது, அது 90,000. மொத்தம் மூணு லட்சத்து நாற்பதாயிரம். புதுப்பேட்டையில் பழசு கிடைக்காதா என்று கேட்டேன். "அங்க நாலு கார் உடைஞ்சாத்தானே தம்பி ஒரு பார்ட் வரும்? இந்த வண்டி மெட்ராஸ்ல மொத்தமே நாலுதான் இருக்கும்."

நண்பன் முகம் தொங்கிப்போனது. எனக்கு மட்டும் ஒரு சின்ன சந்தோஷம், அந்த லிஸ்ட்டால். பழைய கார் வியாபாரத்தில் ஒரு ஸ்விஃப்ட் வந்தால் நாலு பேர் போட்டி. இந்தச் சிவப்புக் கார் எட்டு மாசமாக அதே இடத்தில் நிற்பதை, அடியில் முளைத்திருந்த புல்லே சொன்னது. யார்டுக்காரரின் முதல் முடங்கி, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள், வாங்க ஒருத்தரும் இல்லை. லிஸ்ட்டை அவர் மேஜை மேல் வைத்துவிட்டு, போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தோம். மூணு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். ஏழேகால் லட்சத்துக்கு முடிந்தது.

என்னைக் கேட்டால் அப்போதும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஏழேகால், வேலை மூணு நாற்பது, இன்ஷூரன்ஸ் 38,000, பெயர் மாற்றச் செலவு 12,000, ஆக 11,15,000. பன்னிரண்டில் மிச்சம் 85,000. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் அந்தக் காரிலா குடியிருப்பார்கள்? அவன் பதிலே சொல்லவில்லை. "எனக்கு அம்பத்தஞ்சு வயசுல வீடும் இருக்கும், காசும் இருக்கும். முதுகு இருக்குமாடா?" என்று மட்டும் கேட்டான். பி.காம். சிலபஸில் இதற்கு விடை இல்லை.

வாங்குவது என்று ஆனபின் காகிதத்தில் கோட்டை விடக்கூடாது. இங்கே மட்டும் கொஞ்சம் சீரியஸாகப் படியுங்கள். 29, 30-ஆம் நம்பர் படிவங்களில் கையெழுத்து வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்தால்தான் கார் உங்களுடையது. கடன் இருந்திருந்தால் பாங்க்கின் 35-ஆம் நம்பர் படிவமும் வேண்டும். பழைய ஓனரின் இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பதினைந்தாம் நாள் மரத்தில் முட்டினால், அடுத்தவருக்கு ஆன சேதத்துக்கு பாலிசி பேசும். உங்கள் காருக்கு வாயைத் திறக்காது. அவருடைய 'நோ க்ளெய்ம் போனஸ்' உங்களுக்கு வராது. அது ஆளுக்கு உள்ளது, காருக்கு இல்லை. க்ளெய்ம் பண்ணும்போது சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கு முழுக்க பிளாஸ்டிக் என்பதை ஞாபகம் வையுங்கள்.

விற்கிறவருக்கும் சொல்கிறேன். காசு வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்ததும் தலை முழுகிவிட்டதாக நினைக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர், விபத்து நஷ்டஈடு அவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார் நாலு கை மாறிப் போயிருந்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

சரி, வாங்கியாயிற்று. ஓட்டுவது எங்கே? ஸ்பீடோமீட்டரில் 250 வரை போட்டிருக்கிறது. சென்னைக்குள் கார்களுக்கு 60-தான் என்று 2023 நவம்பரில் போக்குவரத்து போலீஸ் வரம்பு வைத்தது. அந்த அறுபதையும் தொட விடாமல் வேகத்தடைகள். இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், யானை முதுகு மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். நம் தெருவில் இருப்பது கவுன்சிலர் அளவு. ஸ்விஃப்டின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் 163 மில்லிமீட்டர். தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு 12, 13 சென்டிமீட்டர் தேறினால் பெரிது. நண்பன் ஆபீசுக்குப் போகிற வழியில் பதினோரு தடைகள். ஒவ்வொன்றையும் கோணலாக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக, நண்டு மாதிரி ஏறி இறங்குகிறான். பின்னால் ஆட்டோக்காரர்கள் சொல்வதை அச்சில் போட முடியாது. மூணாவது வாரத்திலிருந்து ஆபீசுக்கு மறுபடி பஸ்.

ஆனால் ஞாயிறு விடியற்காலை அஞ்சரை மணிக்கு ஈ.சி.ஆரில் ஒரு தரம் என்னைக் கூட்டிப் போனான். அதையும் சொல்லாவிட்டால் கணக்கில் ஒரு பக்கத்தை மறைத்தவனாவேன். வரம்பைத் தாண்டவில்லை. தாண்டவே வேண்டியிருக்கவில்லை. முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் ரெண்டாவது கியரிலிருந்து மூணாவதுக்கு மாற்றினான் பாருங்கள், அந்த ரெண்டு விநாடி... முதுகை யாரோ பின்னாலிருந்து தாங்கித் தள்ளினார்கள், எஞ்சின் சத்தம் காதில் இல்லாமல் விலா எலும்பில் கேட்டது. ஸ்டீயரிங்கை அவன் திருப்பினான் என்றே சொல்ல முடியாது. நினைத்தான், திரும்பியது. ரெண்டு பேரும் கோவளம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இதற்கு எத்தனை ரூபாய் என்று போடுவது?

அம்மா ஒன்பது நாள் பேசவில்லை. பெண் பார்க்கிற இடத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "ரெண்டு சீட்டுதானா? அப்போ நாங்க எங்க உக்கார்றது?" என்று கேட்டுவிட்டுப் போனவர், இன்னும் பதில் சொல்லவில்லை. பத்தாம் நாள் அம்மா வாயைத் திறந்தார். "திருவிடந்தைக்குக் கூட்டிட்டுப் போ. நித்ய கல்யாணப் பெருமாள் ஒருத்தர்தான் இனிமே உனக்கு வழி பண்ணணும்."

போனார்கள். உள்ளே உட்காருவது சுலபமாக முடிந்தது. கோயில் வாசலில் எழுந்திருக்கத்தான் பூக்காரம்மாவும் இன்னொருத்தரும் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். மாலை, அர்ச்சனை எல்லாம் ஆகி, திரும்பி வருகிற வழியில் அம்மாவுக்கு மனசு கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். வெளியே கடல் தெரிகிறது.

"இதுல மேல தொறக்கும்னு சொன்னியேடா. தொற, காத்து வரட்டும்."

நண்பன் காசு மிச்சம் பண்ணுவதற்காக லிஸ்ட்டில் ஒரே ஒரு ஐட்டத்தைத் தள்ளிப்போட்டிருந்தான். அந்தத் தொண்ணூறாயிரம் ரூபாய் ஹைட்ராலிக்.

"தீபாவளிக்குப் பண்ணிடலாம்மா" என்றான்.